ஆம்ப்ளிஃபையரில் ஹம் சத்தம்: கிரவுண்ட் லூப்பைக் கண்டுபிடிப்பது, சரிசெய்வது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டை நிறுத்திய பிறகும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்ம்' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறதா? கடைக்குப் போய் எதையும் வாங்குவதற்கு முன்னால், ஒயர் எதையும் வெட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலானவர்கள் அதைக் கண்டுபிடிக்காமலேயே கெபாசிட்டரை மாற்றுகிறார்கள், டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுகிறார்கள், கடைசியில் ஆம்ப்பையே மாற்றுகிறார்கள். புது ஆம்ப்பிலும் அதே சத்தம் வருகிறது.

ஹம் சத்தம் எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50 ஹெர்ட்ஸோ, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரைத் தாண்டி இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸோ எப்படியாவது சிக்னலோடு கலந்துவிட்டால் அதுதான் ஹம். 50 ஹெர்ட்ஸ் ஆழமாக, மெத்தென்று கேட்கும். 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் சேர்ந்தால் 'கிர்ர்ர்' என்று கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். இந்த வித்தியாசத்தைக் காதால் பிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இன்னொன்று, சத்தம் ஸ்பீக்கரில்தான் வருகிறதா என்று முதலில் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் அதிர்ந்து பெட்டியே முனகுவதும் உண்டு. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிய பிறகும் சத்தம் கேட்டால் அது டிரான்ஸ்ஃபார்மரின் சொந்தச் சத்தம், இந்தப் பக்கத்துக்குச் சம்பந்தமில்லை.

கிரவுண்ட் லூப் என்றால் என்ன?

ஒரு ஆம்ப், ஒரு கம்ப்யூட்டர். இரண்டுக்கும் மூன்று பின் பிளக். இரண்டின் உடம்பும் சுவரில் இருக்கும் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. இப்போது ஆர்.சி.ஏ. ஒயரால், அதாவது ஆடியோ சிக்னலைக் கொண்டுபோகும் சாதாரண ஒயரால், இரண்டையும் இணைக்கிறீர்கள். அந்த ஒயரின் வெளிப்பின்னல், அதாவது ஷீல்டு, இரண்டு பெட்டிகளின் கிரவுண்டையும் (சர்க்யூட்டின் பொதுப் புள்ளி) இன்னொரு முறை சேர்க்கிறது. ஆக, எர்த் வழியாக ஒரு பாதை, ஷீல்டு வழியாக ஒரு பாதை என்று முழு வளையம் உருவாகிவிட்டது. இந்த வளையத்துக்குள் பக்கத்தில் இருக்கும் மின் ஒயர்களின் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும். இரண்டு பிளக் பாயின்ட்களின் எர்த்துக்கு இடையே இருக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசமும் ஷீல்டு வழியாக மின்னோட்டத்தைத் தள்ளும்.

ஷீல்டு சும்மா ஒரு உறை என்று நினைக்காதீர்கள். ஆர்.சி.ஏ. ஒயரில் சிக்னல் திரும்பி வரும் பாதையே அதுதான். அதில் 20 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, ஷீல்டின் தடை 0.05 ஓம் என்று வைத்துக்கொண்டால் 1 மில்லி வோல்ட் ஹம் நேராகச் சிக்னலோடு கூடிவிடும். சிக்னல் 300 மில்லி வோல்ட் என்றால் ஹம் அதைவிட 50 டெசிபெல்தான் கீழே. அமைதியான அறையில் இது நன்றாகவே கேட்கும். பழைய, துருப்பிடித்த, தளர்ந்த ஆர்.சி.ஏ. பின்னில் தடை இன்னும் பல மடங்கு ஏறும். அதனால்தான் சில சமயம் பின்னைத் திருகி இறுக்கினாலே சத்தம் பாதியாகக் குறைகிறது.

என் ஆம்ப்பில் வருவது கிரவுண்ட் லூப்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கருவி எதுவும் வேண்டாம், பொறுமை போதும். ஒரே நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். ஒயர் எதைக் கழற்றினாலும் மாட்டினாலும் அதற்கு முன் வால்யூமை முழுக்கக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் ட்வீட்டர் (உயர்ந்த சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) போய்விடும்.

முதலில் வால்யூமை ஏற்றி இறக்கிப் பாருங்கள். சத்தமும் கூடவே ஏறி இறங்கினால் அது வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் நுழைகிறது: இன்புட் ஒயர், டிவி, கம்ப்யூட்டர், பிரீ ஆம்ப் (சிக்னலை முதலில் பெரிதாக்கும் பகுதி). வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் அதே அளவு சத்தம் என்றால், அது வால்யூமுக்குப் பிறகு நுழைகிறது. அப்போது பவர் சப்ளையையும் உள் ஒயரிங்கையும் சந்தேகப்படுங்கள்.

அடுத்து எல்லா இன்புட் ஒயர்களையும் கழற்றுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திறந்து கிடக்கும் இன்புட் காற்றில் இருப்பதையெல்லாம் பிடிக்கும், அதனால் ஒயரைக் கழற்றியதும் சத்தம் கூடுவதும் உண்டு. அதை வைத்து ஆம்ப் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு பழைய ஆர்.சி.ஏ. பின்னை எடுத்து நடுமுனையையும் வெளிமுனையையும் ஒன்றாகச் சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு ஷார்ட் பின்கள் செய்து இன்புட்டில் செருகிப் பாருங்கள். அப்போதும் ஹம் இருந்தால் கோளாறு ஆம்ப்புக்குள். அமைதியாகிவிட்டால் ஆம்ப் நன்றாக இருக்கிறது, சத்தம் வெளியிலிருந்து வருகிறது.

வெளியிலிருந்துதான் என்று தெரிந்தபின் ஒவ்வொரு ஒயராகத் திரும்ப மாட்டுங்கள். எந்த ஒயரை மாட்டியதும் சத்தம் திரும்ப வருகிறதோ, அந்தப் பெட்டிதான் வளையத்தின் மறுபக்கம். அந்தப் பெட்டியின் சுவிட்சை அணைத்தும் சத்தம் போகவில்லை, ஆனால் அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கியதும் போய்விடுகிறது என்றால் லூப் என்று அடித்துச் சொல்லலாம்.

எர்த் பின்னைக் கழற்றினால் சத்தம் சுத்தமாகப் போய்விடுகிறதே, அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தோன்றியது. மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னைப் பிடுங்குவது, எர்த் ஒயரை உள்ளேயே வெட்டிவிடுவது, மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டர் போடுவது எல்லாம் ஒன்றுதான். சத்தம் போகும், பாதுகாப்பும் கூடவே போகும்.

டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி சுற்று உள்ளே ஷார்ட் ஆகி இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டால், எர்த் இருக்கும்போது ஃபியூஸோ பிரேக்கரோ உடனே விழும். எர்த் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. பெட்டி 230 வோல்ட்டில் அமைதியாக நின்றுகொண்டிருக்கும், அடுத்து தொடுபவர் வரும் வரை. ஆர்.சி.ஏ. ஒயரின் ஷீல்டு வழியாக அந்த மின்சாரம் உங்கள் டிவிக்கும் மைக்குக்கும் கூடப் போகும். 1972-ல் ஸ்டோன் த குரோஸ் என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் மேடையிலேயே, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்துபோனார்.

எர்த் பின் இல்லாமல் ஒரு நிமிடம் சோதிக்கிறேன் என்று கூடச் செய்யாதீர்கள், அந்த ஒரு நிமிடம் ஒரு வருடமாகிவிடும். லூப்பை உடைக்க வேண்டிய இடம் சிக்னல் ஒயர். எர்த்தில் கை வைக்கவே வேண்டாம்.

என் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மல்டிமீட்டரை ஏசி 750 அல்லது 600 வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட 230 வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. பத்து, இருபது என்று காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டிஜிட்டல் மீட்டர் மிகச் சின்னக் கசிவையும் வோல்டேஜாகக் காட்டும் என்பதால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் (சோதனை பல்பு) போட்டுப் பார்ப்பதுதான் உறுதியானது. அதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) இருக்கும் வீட்டில் லேம்ப்பைப் போட்டதும் அது விழும், விழுந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தம்.

சில வீடுகளில் தனியாக எர்த் ஒயர் இழுக்காமல் பிளக் பாயின்ட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் லூப் போட்டு வைத்திருப்பார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் வீட்டில் இருக்கும் எல்லா இரும்புப் பெட்டியும் ஷாக் அடிக்கும். ஹம்மும் வரும், ஏனென்றால் ஃபிரிட்ஜும் மோட்டாரும் இழுக்கும் மின்னோட்டத்தின் வோல்டேஜ் இறக்கம் எல்லாம் உங்கள் ஆடியோ கிரவுண்டில் ஏறிக்கொள்ளும்.

கேபிள் டிவி ஒயரை மாட்டினால் மட்டும் சத்தம் வருகிறது. ஏன்?

மிக மிகச் சாதாரணமாக நடப்பது இது. கேபிளின் வெளிப்பின்னல் தெருவில் பல இடங்களைத் தொட்டு வருகிறது, அதன் கிரவுண்டும் உங்கள் வீட்டு எர்த்தும் வேறு வேறு. செட்டாப் பாக்ஸில் கேபிள் ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள், சத்தம் நின்றால் அதுதான் காரணம். கேபிளின் நடுவே போடும் கோஆக்ஸ் ஐசொலேட்டர் என்ற சின்னப் பொருள் கிடைக்கிறது, அதைப் போட்டால் தீர்ந்துவிடும்.

ஆனால் டிஷ் வைத்திருப்பவர்கள் இதைப் போடக் கூடாது. டிஷ்ஷில் இருக்கும் எல்.என்.பி. என்ற சிக்னல் வாங்கும் பகுதிக்கு 13 அல்லது 18 வோல்ட் டிசி அதே ஒயரில்தான் போகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிடும், படம் வராது. டிஷ்காரர்கள் ஆடியோ பக்கத்தில் லூப்பை உடைக்க வேண்டும். டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் அதைவிட நல்ல வழி கிடையாது, ஒளி போகும் இழையில் கிரவுண்டே இல்லை. ஆம்ப்பில் ஆப்டிகல் இன்புட் இல்லாவிட்டால், ஆப்டிகலை ஆர்.சி.ஏ.வாக மாற்றும் சின்னப் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் பெட்டிக்கு டிவியின் யூ.எஸ்.பி.யிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள். எடுத்தால் ஆப்டிகல் உடைத்த லூப்பை யூ.எஸ்.பி. ஒயர் திரும்பச் சேர்த்துவிடும். தனியாக ஒரு மொபைல் சார்ஜர் கொடுங்கள்.

லேப்டாப்பில் சார்ஜர் போட்டால் சத்தம், பேட்டரியில் ஓட்டினால் இல்லை. என்ன செய்வது?

மூன்று பின் சார்ஜர் என்றால் முன்னே சொன்ன அதே வளையம்தான். லேப்டாப்பையும் ஆம்ப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள், எர்த் வித்தியாசம் குறையும், வளையமும் சின்னதாகும். காசே செலவில்லாத வழி இது, பல வீடுகளில் இதுவே போதுமானதாக இருக்கும்.

இரண்டு பின் சார்ஜர் என்றால் கதை வேறு. அதற்குள் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே ஒய் கெபாசிட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதன் வழியாக மிகச் சின்னக் கசிவு, அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவாக, லேப்டாப் உடம்புக்கு வரும். லேப்டாப்பின் உலோகத்தைத் தடவினால் சுர்ரென்று இருப்பது இதனால்தான். அந்தக் கசிவு ஆர்.சி.ஏ. ஷீல்டு வழியாக ஆம்ப்பின் எர்த்தைத் தேடிப் போகும்போது சத்தமாகக் கேட்கிறது. இதற்கு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டரோ, யூ.எஸ்.பி. டிஏசி (டிஜிட்டலை ஆடியோவாக மாற்றும் பெட்டி) என்றால் யூ.எஸ்.பி. ஐசொலேட்டரோ போடுங்கள்.

'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' வாங்கலாமா?

வாங்கலாம், எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். உள்ளே இருப்பது 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு. சிக்னல் காந்தப்புலமாகத் தாண்டிப் போகும், கிரவுண்டுக்கு நேர் இணைப்பு இருக்காது. ஹம்மை இது நன்றாகவே அடக்கும். மலிவானதில் கோர் மிகச் சின்னது, பாஸ் அதிகமாக வரும்போது கோர் நிறைந்து கீழ்ச்சுருதி மழுங்கிப்போகும், தவில் அடி சப்பென்று கேட்கும். கார், டிவி செய்தி, சின்ன ஸ்பீக்கர் என்றால் பரவாயில்லை. நல்ல ஸ்பீக்கர் வைத்துக் கவனித்துக் கேட்பவர்கள் ஜென்சன் போன்ற தரமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகலாம், விலை பல மடங்கு. அந்தக் காசைச் செலவழிப்பதற்கு முன் ஆப்டிகல் வழி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நானே அசெம்பிள் செய்த ஆம்ப். இன்புட்டை ஷார்ட் செய்தாலும் ஹம் வருகிறது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், கேபினட் எல்லாம் வாங்கி வந்து கட்டும் ஆம்ப்களில், 4440 ஐசியாக இருந்தாலும் சரி, டிடிஏ 7294 ஐசியாக இருந்தாலும் சரி, 5200-1943 டிரான்ஸிஸ்டர் போர்டாக இருந்தாலும் சரி, ஹம்முக்குக் காரணம் பெரும்பாலும் போர்டு கிடையாது. கிரவுண்ட் ஒயர்களை இழுத்த விதம்தான்.

பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் பிறகு ஃபில்டர் கெபாசிட்டருக்குச் சீராகக் கரண்ட் போவதில்லை. வினாடிக்கு 100 முறை குத்துக் குத்தாகப் போகிறது, ஒவ்வொரு குத்தும் பல ஆம்பியர். 10 ஆம்பியர் குத்து 0.01 ஓம் ஒயரில் போனாலே அந்த ஒயரின் இரண்டு முனைக்கும் நடுவே 0.1 வோல்ட் விழுகிறது. அந்த ஒயரின் ஒரு முனையில் பிரீ ஆம்ப் கிரவுண்டையும் மறுமுனையில் பவர் ஆம்ப் கிரவுண்டையும் சால்டர் செய்துவிட்டீர்கள் என்றால், அந்த 0.1 வோல்ட் இன்புட் சிக்னலாகவே ஆம்ப்புக்குப் போய் முப்பது மடங்கு பெரிதாகி ஸ்பீக்கரில் வந்து நிற்கும். 'கிர்ர்ர்' என்ற 100 ஹெர்ட்ஸ் சத்தம் இது.

எனவே 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயரை முதலில் இரண்டு ஃபில்டர் கெபாசிட்டர்களும் சேரும் இடத்துக்குக் கொண்டுபோங்கள், அங்கே முடியுங்கள். அங்கிருந்து தடித்த குட்டை ஒயர் ஒன்று எடுத்துத் தனியாக ஒரு புள்ளி வையுங்கள். ஸ்பீக்கர் கிரவுண்ட், பவர் ஆம்ப் கிரவுண்ட், பிரீ ஆம்ப் கிரவுண்ட் எல்லாம் அந்தப் புள்ளிக்குத் தனித்தனி ஒயராக வர வேண்டும். இதைத்தான் ஸ்டார் கிரவுண்ட் என்கிறார்கள்.

அடுத்தது ஷீல்டு ஒயர். டோன் போர்டுக்கு (பாஸ், ட்ரெபிள் கன்ட்ரோல் இருக்கும் போர்டு) சப்ளையோடு கிரவுண்டும் ஏற்கெனவே போய்விட்டது. இப்போது டோன் போர்டிலிருந்து பவர் ஆம்ப்புக்குப் போகும் ஷீல்டு ஒயரின் ஷீல்டை இரண்டு பக்கமும் சால்டர் செய்தால் பெட்டிக்குள்ளேயே ஒரு லூப். 5.1 ஆம்ப்பில் ஆறு சேனலுக்கும் இப்படிச் செய்தால் ஆறு லூப். பெட்டிக்குள், கிரவுண்ட் வேறு ஒயரில் ஏற்கெனவே போகும் இடத்தில், ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் சேருங்கள். ஆர்.சி.ஏ. சாக்கெட்டின் வெளிப்பகுதி கேபினட் இரும்பைத் தொடாமல் பிளாஸ்டிக் வாஷர் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், ஆறு சாக்கெட் ஆறு இடத்தில் கேபினட்டைத் தொட்டால் நீங்கள் செய்த ஸ்டார் கிரவுண்டுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

டிரான்ஸ்ஃபார்மரையும் கொஞ்சம் நகர்த்தி, திருப்பிப் பாருங்கள். அதன் கசிவுப் புலம் டோன் போர்டைத் தொட்டால் மெத்தென்ற 50 ஹெர்ட்ஸ் ஹம் வரும். சாதாரண ஈ-ஐ டிரான்ஸ்ஃபார்மரை (ஆங்கில E, I வடிவத் தகடுகளால் ஆனது) 90 டிகிரி திருப்பி வைத்தாலே சில பெட்டிகளில் சத்தம் சட்டென்று இறங்கும். பிரைமரி ஒயரில் கரண்ட் இருப்பதை மறக்காமல், ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருப்புங்கள்.

அந்தப் பெட்டிக்கு எர்த் எப்படிக் கொடுப்பது? எர்த் கொடுத்தால் லூப் வருமே?

கேபினட் இரும்புக்கு எர்த் ஒயரை நேராக, பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட் போட்டு இறுக்கிக் கொடுங்கள். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். ஸ்டார் கிரவுண்ட் புள்ளிக்கும் கேபினட்டுக்கும் நடுவே மட்டும் லூப் பிரேக்கர் போடலாம்: 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், அதற்கு இணையாக 100 நானோ ஃபாரட் கெபாசிட்டர், இரண்டுக்கும் இணையாக 35 ஆம்பியர் பிரிட்ஜ் ஒன்று. பிரிட்ஜின் பிளஸ்ஸையும் மைனஸையும் ஷார்ட் செய்து ஒரு முனை, இரண்டு ஏசி கால்களையும் சேர்த்து மறுமுனை. சின்ன லூப் கரண்டை 10 ஓம் அடக்கிவிடும். பெரிய ஷார்ட் வந்தால் பிரிட்ஜுக்குள் இருக்கும் டயோடுகள் அதை எர்த்துக்குக் கொண்டுபோகும், ஃபியூஸ் போகும்.

புளூடூத் போர்டு போட்டதும் 'கீய்ய்' என்றும் 'டிக் டிக்' என்றும் சத்தம் வருகிறது.

ஆம்ப் சப்ளையிலிருந்தே 7805 ரெகுலேட்டர் வைத்து புளூடூத் போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்திருப்பீர்கள். அந்தப் போர்டின் டிஜிட்டல் கரண்ட் திரும்பிப் போக சப்ளை கிரவுண்ட், ஆடியோ கிரவுண்ட் என்று இரண்டு பாதை இருக்கிறது, ஆடியோ கிரவுண்டில் போகும் பங்குதான் காதில் விழுகிறது. பி0505எஸ் என்ற குட்டி ஐசொலேட்டட் கன்வெர்ட்டரை 7805-க்கும் போர்டுக்கும் நடுவே போடுங்கள், கிரவுண்ட் ஆடியோ ஒயர் வழியாக மட்டும் போகும், சத்தம் நிற்கும். சாதாரணமாகக் கிடைப்பது 1 வாட், அதாவது 200 மில்லி ஆம்பியர். பென் டிரைவ், டிஸ்ப்ளே எல்லாம் இருக்கும் போர்டு என்றால் 2 வாட் வாங்குங்கள்.

ஃபில்டர் கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் ஹம் போகுமா?

சப்ளை ஹம்முக்குப் போகும், லூப்புக்குப் போகாது. 2 ஆம்பியர் இழுக்கும்போது 2200 மைக்ரோ ஃபாரட் என்றால் ரிப்பிள், அதாவது சப்ளை வோல்டேஜின் ஏற்ற இறக்கம், 9 வோல்ட் வரை போகலாம், 4700-ல் சுமார் 4, 10,000-ல் 2. பாட்டைச் சத்தமாக வைக்கும்போது ஹம்மும் கூடினால் கெபாசிட்டரைச் சந்தேகப்படுங்கள், வருடக்கணக்கில் ஹீட் சிங்க் பக்கத்தில் சூடேறிக்கொண்டிருந்த கெபாசிட்டர் என்றால் நிச்சயம் மாற்றுங்கள். பாட்டு ஓடினாலும் நின்றாலும் ஒரே அளவில் ஓடும் ஹம்முக்கு நீங்கள் 20,000 போட்டாலும் ஒன்றும் ஆகாது.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் சத்தம் கூடுகிறதே?

காரணம் பெரும்பாலும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அதன் அலையில் 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என்று நிறைய மடங்குகள் கலந்திருக்கும், டிரான்ஸ்ஃபார்மரும் முனகும், ஸ்பீக்கரும் கரகரக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இது குறைவு. எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் இதே வேலையைச் செய்யும்: ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள், கரகரப்பு நின்றால் ரெகுலேட்டரை ஸ்டெப் வகைக்கு மாற்றுங்கள்.

ஆம்ப்பைத் தொட்டால் சத்தம் குறைகிறது. அல்லது வால்யூம் குமிழைத் தொட்டால் கூடுகிறது.

இது லூப்புக்கு நேர் எதிர், எங்கோ கிரவுண்ட் அறுந்திருக்கிறது. ஆர்.சி.ஏ. ஒயரின் ஷீல்டு பின்னுக்குள் விட்டுப்போயிருக்கலாம், வால்யூம் கன்ட்ரோலின் உலோக உடம்புக்குக் கிரவுண்ட் கொடுக்காமல் இருக்கலாம். இசைத்தட்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் அதோடு வரும் தனி கிரவுண்ட் ஒயரை ஆம்ப்பின் பின்னால் இருக்கும் திருகில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஊசி பொருத்திய காட்ரிட்ஜிலிருந்து வருவது 5 மில்லி வோல்ட் அளவுதான், அந்த ஒயர் இல்லாமல் கேட்கவே முடியாது.

திருவிழா, கச்சேரி மேடைகளில் என்ன செய்வது?

மேடையில் கீபோர்டு, முப்பது மீட்டர் தள்ளி மிக்ஸர், இரண்டுக்கும் வேறு வேறு இடத்தில் கரண்ட் எடுத்திருப்பார்கள். சாதாரண ஒயரில் இழுத்தால் ஹம் வராமல் இருக்காது. கீபோர்டு பக்கத்திலேயே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சாதாரண சிக்னலை பேலன்ஸ்டாக மாற்றும் பெட்டி) வைத்து, பேலன்ஸ்டு எக்ஸ்.எல்.ஆர். ஒயரில் (சிக்னலுக்கு இரண்டு கம்பி, ஷீல்டு தனி, மூன்று பின்) மிக்ஸருக்கு அனுப்பி, டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அந்தச் சுவிட்ச் சிக்னல் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கிறது, எர்த்தைத் தொடுவதில்லை, அதனால் பயமில்லாமல் பயன்படுத்தலாம்.

பேலன்ஸ்டு போட்டும் ஹம் வந்தால், அந்தக் கருவிக்குள் எக்ஸ்.எல்.ஆரின் முதல் பின் கேபினட்டுக்குப் போகாமல் சர்க்யூட் போர்டு கிரவுண்டுக்குப் போயிருக்கலாம். நீல் மன்சி என்பவர் 1995-ல் ஆடியோ பொறியாளர் சங்கத்தின் இதழில் இதை விளக்கினார், 'பின் 1 பிரச்சினை' என்றே இதற்குப் பெயர். மேடைக்கும் மிக்ஸருக்கும் ஆம்ப்புக்கும் ஒரே ஜெனரேட்டரிலிருந்து, ஒரே எர்த்தோடு லைன் கொடுக்கச் சொல்லி பந்தல் எலக்ட்ரீஷியனிடம் காலையிலேயே பேசிவிடுங்கள்.

எல்லாம் செய்தும் கொஞ்சம் சத்தம் இருக்கிறது. எவ்வளவு வரை சரி?

இரவில், ஃபேனை அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வழக்கமான வால்யூமில் கேளுங்கள். அங்கே கேட்கவில்லை என்றால் விட்டுவிடலாம். ட்வீட்டரில் காதை ஒட்டினால் கேட்கும் 'ஸ்ஸ்' சத்தம் ஹிஸ், அது எல்லா ஆம்ப்பிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் முன்பு அமைதியாக இருந்த ஆம்ப்பில் ஹம் புதிதாக வந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, பெட்டியைத் தொடும்போது சுருக்கென்று இருந்தாலோ, பாட்டை நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலில் எர்த்தைச் சோதியுங்கள்.